அஞ்சல் வழி யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்னஞ்சல் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று கைமாறினால், யார் வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்பதோடு நம் நாளிதழ்களின் வணிகப் பக்கச் செய்தி முடிந்துவிடுகிறது. அலுவலக சர்வர்களை நெடுங்காலம் பராமரித்தவன் என்ற முறையில், செய்தி அங்கேதான் தொடங்குகிறது என்பேன். பிரிட்டனின் மெசேஜ்லேப்ஸ் இதற்கு நல்ல சான்று.

1999இல் தொடங்கிய அந்நிறுவனம் அலுவலகத்தில் வைக்கும் கருவிப் பெட்டி எதையும் விற்கவில்லை. வாடிக்கையாளர் தம் டொமைனின் (இணையப் பெயரின்) எம்எக்ஸ் பதிவில், அதாவது அந்தப் பெயருக்கு வரும் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பில், மெசேஜ்லேப்ஸ் சர்வரின் பெயரை எழுதிவிட்டால் போதும். அவருக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் முதலில் அங்கே போய், வைரஸும் ஸ்பேம் எனும் வேண்டாத அஞ்சலும் வடிகட்டப்பட்ட பிறகே அலுவலகத்துக்குள் நுழையும். 2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகெங்கும் அலுவலகங்களை முடக்கியதைக் கண்டவர்களுக்கு, தபாலை வாசலுக்கு வெளியிலேயே சோதிக்கும் இந்த ஏற்பாட்டின் அருமையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2008 அக்டோபரில் அமெரிக்காவின் சைமான்டெக் ஏறத்தாழ 69.5 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தபோது, 19,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அதனிடம் இருந்தனர்.

2019இல் சைமான்டெக்கின் பெருநிறுவனப் பாதுகாப்புப் பிரிவை பிராட்காம் என்ற அமெரிக்க நிறுவனம் 1,070 கோடி டாலருக்கு வாங்கியது. மின்னஞ்சல் சேவையும் அதோடு சேர்ந்து போயிற்று. இரண்டு முறை உரிமையாளர் மாறிய பின்னரும் பல வாடிக்கையாளர்களின் எம்எக்ஸ் பதிவில் மெசேஜ்லேப்ஸ் என்ற பெயரே நீடித்தது. சம்பளப் பட்டியலும் டெண்டர் விவரமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. வழிக்குச் சொந்தக்காரர் மட்டும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர்.

பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே என்பார்கள். பதிவை மாற்றுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த அனுமதிப் பட்டியலும் (தடுக்காமல் விட வேண்டிய முகவரிகள்) வடிகட்டும் விதிகளும் அப்படியே கூட வருவதில்லை. ஒரு சனிக்கிழமை இரவு நானே அப்படி ஒரு மாற்றத்தைச் செய்தேன். எங்களுக்குச் சரக்கு அனுப்புபவரின் பில் புதிய வடிகட்டியில் ஸ்பேம் என்று சிக்கி, செவ்வாய்க்கிழமை அவரே தொலைபேசியில் சத்தம் போட்ட பிறகுதான் தெரியவந்தது.

நிறுவனத்தை வளர்த்தவர்கள் நல்ல விலைக்கு விற்பதில் எனக்கு மறுப்பில்லை. பழைய ஒப்பந்தமும் கட்டணமும் எத்தனை காலம் நீடிக்கும், அஞ்சல்கள் இனி எந்த நாட்டு சர்வரில் சோதிக்கப்படும், சேவையை நிறுத்துவதானால் எவ்வளவு முன்னறிவிப்பு தரப்படும் என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை வாங்குபவரிடம் கேட்டு, விலைக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி நிர்வாகி,
கோயம்புத்தூர்