ஹராடாவை ஒரு வரியில் கடக்கலாமா?

ஆசிரியருக்கு,

ஜப்பான் குத்துச்சண்டை வீரர் நவோயா இனோவே குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற அவரைப் புகழ்ந்தது சரி. ஆனால் 1960களின் ஜப்பான் குத்துச்சண்டை வீரர் ஃபைட்டிங் ஹராடாவை 'இரண்டு பட்டங்கள் வென்றவர்' என ஒரே வரியில் கடந்திருப்பது நியாயமில்லை. இன்று 17 எடைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு உலகக் குத்துச்சண்டை அமைப்புகள் தனித்தனியே தரும் பட்டங்கள். ஹராடா 1962இல் ஃப்ளைவெயிட் எடைப்பிரிவிலும் 1965இல் அதைவிடச் சற்றுக் கூடிய பாண்டம்வெயிட்டிலும் வென்றபோது, அந்த எடைக்கு உலகத்துக்கே ஒரு சாம்பியன்தான். 1965இல் அவரிடம் பட்டத்தை இழந்த பிரேசிலின் எடர் ஜோஃப்ரே தன் வாழ்நாளில் ஆடிய 78 போட்டிகளில் தோற்றது இரண்டே முறை, இரண்டும் ஹராடாவிடம்!

மூன்றாவது பட்டமும் கைக்கு எட்டி நழுவியதுதான். 1969இல் சிட்னியில் நடந்த பட்டப் போட்டியில் ஆஸ்திரேலிய சாம்பியன் ஜானி ஃபமெஷானை மூன்று முறை கீழே வீழ்த்தினார் ஹராடா. புள்ளி போட்டவர் நடுவர் வில்லி பெப் ஒருவரே. முதலில் இருவர் கைகளையும் உயர்த்திச் சமன் என்றார். அப்புறம் புள்ளி அட்டையைத் திரும்பக் கூட்டிப் பார்த்து, ஒரு புள்ளியில் உள்ளூர்க்காரர் வென்றதாக அறிவித்தார்கள். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் பதிவைப் பார்த்திருக்கிறேன். கடைசிச் சுற்றுகளில் முன்னேறித் தாக்கியவர் ஹராடாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனி பட்டங்களின் எண்ணிக்கையை அச்சிடும்போது, அந்தக் காலத்தில் எத்தனை பிரிவுகள், எத்தனை அமைப்புகள் இருந்தன என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.