சீனி வரியில் போன பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊழல் என்றால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கோப்பு நகர மேசைக்கடியில் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரம் என்றே நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இலங்கையை உலுக்கிய ஊழல்கள் சட்டப்படி அச்சான வர்த்தமானிகள், அதாவது அரசின் அதிகாரபூர்வ அறிவித்தல்கள் வழியாகவும் நடந்தன.

2020 ஒக்டோபர் 13ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த சீனி இறக்குமதி வரி, ஒரு வர்த்தமானியால் ஒரே நாளில் 25 சதமானது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திறைசேரிக்கு 1,590 கோடி ரூபாய் வருமானம் இல்லாமற் போனதாக நிதியமைச்சே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. மக்களுக்கும் வராமல் அரசுக்கும் வராமல் போன அந்தப் பணத்தால் இலாபம் பெற்றவர்கள் யார்? தேயிலைச் சாயமும் சீனியுமாகக் காலையைத் தொடங்கும் தோட்டத் தொழிலாளி இதைக் கேட்க வேண்டாமா?

இந்த ஒரு வரிக்குறைப்பால்தான் நாடு வங்குரோத்தானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வருடத்தில், 2022 ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு கைவிரித்தது. மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் அங்கேயே விழுந்து இறந்தார்கள். அவர்களுடைய மரணத்துக்கு யார் கணக்குச் சொன்னார்கள்?

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளான கோட்டாபய, மகிந்த ராஜபக்சக்கள் உட்படப் பலர் நாட்டின் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் அவர்கள் கட்டவேண்டியிருந்தது மனுதாரர்களின் வழக்குச் செலவு மட்டுமே. மறுபக்கம், அடுத்த ஜனவரியிலேயே வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதமாகி, குழந்தையின் கொப்பி வரைக்கும் விலை ஏறியது. திறைசேரியின் ஓட்டையை அடைப்பது எப்போதும் நாமேதானா?

2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி, முறைப்பாடு வராவிட்டாலும் இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு தானாகவே விசாரணையைத் தொடங்கலாம். சீனி வரி விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஒரு ரூபாயாவது மீட்கப்பட்டதா என்பதைத் தங்கள் நிருபர்கள் மாதத்துக்கொரு தடவையாவது கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே பிரசுரிக்க வேண்டும். பதில் தர மறுத்தால் அதையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், வவுனியா