225/40 டயர் கேட்டதற்கு 225/45 டயர் மாட்டி ஏழு வாரம் அலைக்கழித்தது தொடர்பான புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்களுக்கு நான் எழுதுவது இது நான்காவது முறை. முதல் மூன்றும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதையும் படியுங்கள்.

என்னுடையது 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86. பழைய கார்தான், இரண்டாம் கையாக வாங்கியது. ஆனால் அதற்காக ஒன்பது வருடம் மாலை டியூஷன் எடுத்துப் பணம் சேர்த்திருக்கிறேன். உங்களிடம் வாங்கியது அந்த வெண்கல நிற 18 இஞ்ச் செட், 86க்கு என்றே விளம்பரம் செய்கிறீர்களே, அதே பேக்கேஜ். ரிம், டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 4,800 வெள்ளி (ரிங்கிட்). முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். ரசீதில் 225/40 ஆர்18 என்று தெளிவாக இருக்கிறது. காரில் மாட்டியிருப்பதோ 225/45 ஆர்18.

அன்றைக்கே நான் பார்க்கவில்லை என்பது உண்மைதான். டயர் கடைக்குப் போனவன் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டா இருப்பான்? உங்களை நம்பினேன். ஈப்போ வந்து வீட்டு கேட்டில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பியபோதுதான் கரகரவென்று சத்தம் கேட்டது. டயர் உள் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இப்போது இடது பக்க பிளாஸ்டிக் ஓட்டையாகிவிட்டது.

நடுவில் இருக்கும் அந்த எண் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் உங்கள் கவுண்டரில் யாருக்கும் தெரியாததால் எழுதுகிறேன்: 225 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில், நடுவில் வரும் 40 அல்லது 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, ஆர்18 என்பது 18 இஞ்ச் ரிம். கம்பெனி மாட்டித் தரும் டயர் 215/45 ஆர்17. அதன் மொத்த விட்டம் ஏறக்குறைய 625 மில்லிமீட்டர். 225/40 ஆர்18 போட்டால் 637. இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது, நானும் தெரிந்துதான் கேட்டேன். நீங்கள் மாட்டிய 225/45 ஆர்18 கிட்டத்தட்ட 660. ஐந்தரை சதவீதம் அதிகம். முன்பு மீட்டரில் 110 காட்டும்போது போன வேகத்தைவிட இப்போது மணிக்கு 6 கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறேன். நெடுஞ்சாலையில் வேகக் கேமராவில் மாட்டினால் சம்மனை யார் கட்டுவது? ரிம்மும் சும்மா இல்லை. 7 இஞ்ச் அகலம் 48 ஆஃப்செட்டிலிருந்து (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம், மில்லிமீட்டரில்) 8 இஞ்ச் 45 ஆஃப்செட்டுக்கு மாறியதால் சக்கரம் 16 மில்லிமீட்டர் வெளியேயும் 10 மில்லிமீட்டர் உள்ளேயும் தள்ளி நிற்கிறது. அதற்குமேல் டயரும் உயரமாக இருந்தால் தேய்க்காமல் என்ன செய்யும்? அகலத்தை விழுக்காட்டால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தை மில்லிமீட்டராக மாற்றிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். என் ஆறாம் ஆண்டு மாணவர்கள் போடுவார்கள் இந்தக் கணக்கை.

இதைத்தான் ஒரு தாளில் எழுதி, மூன்றாவது வாரம் உங்கள் கோலாலம்பூர் கிளைக்குக் கொண்டுவந்தேன். கவுண்டரில் இருந்தவர் தாளை வாங்கக்கூட இல்லை. போனைப் பார்த்தபடியே சொன்னார்: "சார், 18 ரிம்முக்கு 18 டயர். மாட்டிச்சுல்ல? அப்புறம் என்ன? கணக்குப் பாடம்லாம் ஸ்கூல்ல போய் எடுங்க." பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் கணக்கு வாத்தியார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதுதான். ஆனால் இருபது வருடமாக நான் செய்யும் வேலையை, என் பிள்ளை முன்னால், 4,800 வெள்ளி கட்டிய கடையில் வைத்து ஒருவர் அப்படிச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பயணத்தின் மீதியையும் கேளுங்கள். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, "225/40 ரெண்டுதான் இருக்கு, முன்னாடி மாத்திடறோம், பின்னாடி அடுத்த வாரம்" என்றார். இரண்டு மணி நேரம் காத்திருந்து களைத்துப்போய் நானும் சரி என்றுவிட்டேன். முன்னால் 637, பின்னால் 660. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாத காரை, மழையில், நெடுஞ்சாலையில் அனுப்பிவைத்தீர்கள். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் வி.எஸ்.சி (கார் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி) எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துப் போட்டேன், பத்து நிமிடத்தில் மறுபடி எரிந்தது. பின்சக்கரம் இழுக்கும் கார் இது. வழுக்கும்போது பிடித்து நிறுத்துவதற்கு இருக்கும் கருவியே குழம்பிப்போய் இருந்தால் என்ன ஆகும்? நானும் என் மகளும் அன்று உயிரோடு வீடு சேர்ந்தது கடவுள் புண்ணியம்.

அந்த "அடுத்த வாரம்" மூன்று வாரம் ஆனது. டயர் வந்துவிட்டது என்று உங்கள் ஆள்தான் போன் செய்தார். விடுப்பு போட்டு, 200 கிலோமீட்டர் ஓட்டி வந்தால், "அது வேற கஸ்டமருக்குப் போயிருச்சு" என்கிறார்கள். ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? டோல், பெட்ரோல், ஒரு நாள் விடுப்பு, எல்லாம் போச்சு.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 100ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இங்கே என் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். உங்கள் ரிம்மின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், காரின் ஹப் (ரிம் பொருந்தும் நடுப்பகுதி) 56.1. இடையில் போட வேண்டிய ஹப் ரிங் ஒன்றுகூட இல்லை. 86க்கான பேக்கேஜ் என்று விற்றுவிட்டு அதைப் போடாமல் எப்படி விட்டீர்கள்?

சார், நான் சண்டைக்கு வரவில்லை. ரிம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரே வாரத்தில் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட நான்கு 225/40 ஆர்18 டயர்கள், நான்கு ஹப் ரிங்குகள், கிழிந்த உள் மட்கார்டுக்குப் புதியது. மூன்று தடவை வந்துபோன செலவையும் தர வேண்டும். அந்தக் கவுண்டர் ஊழியர் எழுத்தில் மன்னிப்பு கேட்க வேண்டும், இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். இனி நான் கோலாலம்பூர் வரமாட்டேன், ஈப்போவில் எந்தக் கடையில் மாட்டுவது என்று நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

14 நாள் தருகிறேன். அதற்குள் பதில் இல்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், விசாரணையில் வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. ஒன்பது வருட உழைப்பையும் என் நிம்மதியையும் நீங்கள் பாழாக்கியதற்கு அந்த 50,000கூடப் போதாது. ரசீது, படங்கள், போன் வந்த பதிவுகள், நீங்கள் வாங்க மறுத்த அந்தத் தாள், எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: என் பழைய 17 இஞ்ச் சக்கரங்கள் நான்கும் இன்னும் உங்கள் கிளையில்தான் இருக்கின்றன. பின் சீட்டை மடித்தால் நான்கும் காருக்குள் போகும், முதல் நாள் மனைவியும் மகளும் கூட வந்ததால் எடுத்துவர முடியவில்லை. போன தடவை கேட்டதற்கு "ஸ்டோரில் தேடணும்" என்றார்கள். தேடி எடுத்து, படம் பிடித்து இன்றைக்கே அனுப்புங்கள்.