வேற்றுமொழி நிரலை இணைப்பது ஒரு வரியில் முடியும் வேலையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்கள் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய உரைக் கோப்புகளை முன்கூட்டியே எச்டிஎம்எல் பக்கங்களாக்கி வைத்துவிடும் இம்முறையின் வேகத்தையும் பாதுகாப்பையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் ஜெனரேட்டரில் இல்லாத வசதி ஏதேனும் தேவைப்பட்டால், சி அல்லது ரஸ்ட் மொழியில் எழுதி கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) நிரலை எளிதாக இணைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். உண்மையான சிரமம் தொடங்கும் இடம் அதுதான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோ மொழியில் எழுதப்பட்ட ஹியூகோ என்ற ஜெனரேட்டரின் அனுபவமே இதற்கு நல்ல சான்று. சாஸ் என்ற மொழியில் எழுதிய கோப்புகளை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் ஆக்குவதற்காக, சி++ மொழியில் எழுதப்பட்ட லிப்சாஸ் நூலகத்தைத் தன்னுள்ளேயே பிணைத்து, 2018-இல் அது ‘எக்ஸ்டெண்டட்’ என்ற தனிப் பதிப்பை வெளியிட்டது. கோ நிரலை எந்தக் கணினியில் இருந்தும் வேறொரு இயங்குதளத்துக்கு கம்பைல் செய்வது பொதுவாக எளிது. சி++ உள்ளே வந்ததும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அதற்கேற்ற கம்பைலரைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. 2020-இல் லிப்சாஸ் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டபின், அதன் இடத்துக்கு வந்த டார்ட் சாஸை ஹியூகோ தன்னுள் பிணைக்கவில்லை. தனிச் செயல்முறையாக ஓடவிட்டு, உள்ளீடு வெளியீட்டுக் குழாய்கள் வழியாகச் செய்தி அனுப்பிப் பெறுகிறது. ரூபி மொழியில் எழுதப்பட்ட ஜெக்கில் என்ற ஜெனரேட்டரும் பின்னர் இதே வழிக்கு வந்தது. நேரடிப் பிணைப்பில் வேகம் சற்றுக் கூடலாம் என்றாலும், உள்ளே இருக்கும் நூலகம் செயலிழந்தால் ஜெனரேட்டர் முழுவதும் அதோடு விழும் என்பதால், குழாய் வழியே பேசுவதே பெரும்பாலான தளங்களுக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2019 டிசம்பரில் பரிந்துரையாக ஏற்ற, பல மொழி நிரல்களையும் கம்பைல் செய்யத்தக்க வெப்அசெம்பிளி என்ற பொது வடிவமும் இன்று நல்ல வழியே. ஒரே கோப்பு எல்லா இயங்குதளங்களிலும் ஓடுகிறது. அனுமதிக்காத எதையும் அந்த நிரலால் தொட முடியாது. ஆனால் அதன் அடிப்படை வடிவத்தில் ஜெனரேட்டருக்கும் அந்த நிரலுக்கும் இடையிலான எல்லையைக் கடந்து செல்பவை எண்கள் மட்டுமே. ஒரு சொல்லை அனுப்ப வேண்டுமானால், அதை நினைவகத்தில் எழுதி, தொடங்கும் இடத்தையும் நீளத்தையும் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம் எழுத்துகள் உடைகின்றன. ஜெனரேட்டர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டிருந்தால், ‘தமிழ்’ என்பதன் நீளத்தை அம்மொழி 5 என்று சொல்லும்; எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதற்கு 15 பைட்டுகள் வேண்டும். அந்த 5-ஐ அப்படியே ரஸ்ட் நிரலுக்குக் கொடுத்தால், ‘த’ முழுதாகவும் ‘ம’ அரைகுறையாகவும் போய்ச் சேரும். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் சோதிப்பவர் கண்ணில் இப்பிழை படவே படாது. ரஸ்டையும் ஜாவாஸ்கிரிப்டையும் இணைக்கும் வாஸ்ம்-பைண்ட்ஜென் போன்ற கருவிகள் இந்த மாற்றத்தைத் தாமே சரியாகச் செய்துவிடுகின்றன; புதியவர்கள் இவ்வேலையைக் கையால் செய்ய முற்படவே கூடாது.

பல நேரங்களில் ஜெனரேட்டரைத் தொடவே தேவையில்லை என்பதையும் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம். ரஸ்டில் எழுதப்பட்ட பேஜ்ஃபைண்ட், தளம் உருவாகி முடிந்த பிறகு எச்டிஎம்எல் கோப்புகளைப் படித்துத் தேடல் அட்டவணையைத் தயாரிக்கிறது. அதனால் எந்த ஜெனரேட்டரோடும் அது ஒத்துப்போகிறது.

அடுத்த கட்டுரையில், சொந்த மடிக்கணினியில் கம்பைல் செய்த நிரல் லினக்ஸ் சர்வரில் ஏன் ஓடாமல் போகிறது என்பதையும், பயன்படுத்தும் பதிப்பு எண்களைக் கோப்பில் நிலைப்படுத்தி வைப்பது எப்படி என்பதையும் ஒரு சிறிய எடுத்துக்காட்டோடு வெளியிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்