பாம்பன் தூக்குப் பாலத்தை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ரயில்வே உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய பாம்பன் பாலத்தை ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. உப்புக் காற்று அரித்த இரும்பு இனி ரயிலைத் தாங்காது. 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியது சரிதான். ஆனால் நடுவில், கப்பலுக்கு வழிவிட இரண்டாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பாலத்தை மட்டும் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்.

அந்தப் பாலம் எப்படித் திறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மோட்டார் கிடையாது. கப்பல் வரும்போதெல்லாம் உங்கள் ஊழியர்கள் இருபுறமும் நின்று, காற்று முகத்தில் அறைய அறைய, இரும்புக் கம்பியைத் தள்ளிப் பல்சக்கரத்தைச் சுற்றுவார்கள். ஒவ்வொரு பாதியும் 400 டன்னுக்கு மேல். எதிர் எடை பாரத்தைச் சமன் செய்ய, வளைந்த அடிப்பகுதி மெதுவாகப் பின்னால் உருள, அவ்வளவு பெரிய இரும்பு மனிதக் கைக்குக் கட்டுப்பட்டு எழும்பியது. 1914 முதல் வெயிலிலும் மழையிலும் அந்தக் கம்பியைத் தள்ளியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் உழைப்புக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த இயந்திரம்தான். அதையா டன் கணக்கில் விற்பது?

1964 புயல் ஒரு ரயிலையே விழுங்கியது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களை, அடித்துப்போனது. தூக்குப் பாலம் மட்டும் நின்றது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீராக்கியதும் உங்கள் துறைதான். அப்படி மீட்ட துறைக்கு இதைக் கைவிட எப்படி மனம் வருகிறது?

நீலகிரி மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பராமரிக்கிறீர்கள். பெரம்பூர் அருங்காட்சியகத்தில் நீராவி எஞ்சின்களை வைத்திருக்கிறீர்கள். ராமேஸ்வரம் தீவு என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்? தனுஷ்கோடி ரயில் நிலையம் அலையில் கரைந்து இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. அதையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பல் வழியை அடைத்துக்கொண்டு அது அங்கேயே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பாதியையாவது எதிர் எடை, பல்சக்கரம், கம்பி எல்லாவற்றோடும் கழற்றி, பாம்பன் கரையிலோ மண்டபத்திலோ நிறுத்துங்கள். வெட்டத் தொடங்கும் முன் முழுப் பாலத்தையும் அளந்து வரைபடமாக்குங்கள். அந்தக் கம்பியைத் தள்ளி ஓய்வுபெற்றவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தூக்குப் பாலத்தை எடைக்குப் போடாதீர்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்டத்து ரயில் பயணி