அவனுக்கு என்ன குறை?

கோத்தகிரி,
ஐப்பசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தம்பியின் மனச்சோர்வு நோயைப் பற்றி விசாரித்துவிட்டு, "வீடு, தோட்டம், தங்கமான பிள்ளைகள்; அவனுக்கு என்ன குறை?" என்று கேட்டிருந்தாய். இதையேதான் ஊரும் அவனிடம் கேட்டது, நானும் கேட்டேன். குறை ஒன்றும் இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்று ஏற்கெனவே குன்றிப்போயிருந்தவன், கேட்கக் கேட்க மேலும் ஒடுங்கினான்.

விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகும் கட்டிலைவிட்டு எழாதவனைச் சோம்பேறி என்றார்கள். மூடுபனியும் குளிரும் படுத்தும் பாடு என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைத் தேயிலை விலை இறங்கியதும், கடன் தவணை தவறியதும், அவன் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆளான மைத்துனன் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போனதும் ஓராண்டுக்குள் நடந்தவை என்பதை நாங்கள் யாருமே சேர்த்துப் பார்க்கவில்லை.

லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் நடத்தி 1978-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அண்மையில் படித்தேன். பெரும் இழப்பையோ நெருக்கடியையோ சந்தித்தவர்களில், மனம்விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாதவர்களே மனச்சோர்வுக்கு அதிகம் ஆளானார்களாம். லண்டனுக்கும் நம் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ சிரிப்பாய். படிக்கும்போது எனக்குத் தம்பியின் முகம்தான் தெரிந்தது. பேச ஆள் தேவைப்படும் நேரத்தில் பேச்சையே பறித்துக்கொள்வதுதான் இந்த நோயின் கொடுமை.

மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் மருத்துவமனை வாசலில் உறவுக்காரர் எவராவது பார்த்துவிடுவார்களோ என்று தம்பி மனைவி தயங்கினாள். எனவே முதலில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசினோம். பிறகுதான் ஊட்டிக்குப் போனோம். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று; இல்லாவிட்டால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பான். விருப்பம் வரட்டும் என்று காத்திராமல், தினமும் ஒரு வரிசைச் செடியையாவது பார்த்துவரச் சொன்னார். அந்த ஒரு வரிசை இப்போது நான்காகியிருக்கிறது.

தை மாதம் வருவதாக எழுதியிருந்தாய். அவசியம் வா. வந்ததும் உடம்பு எப்படி, மனம் எப்படி என்று தொடங்கிவிடாமல், காலையில் அவனோடு தோட்டம் வரை நடந்துவிட்டு வா. கம்பளியை மறந்துவிடாதே, போன முறை என்னுடையதைத்தான் போர்த்திக்கொண்டு போனாய், இன்னும் திரும்பவில்லை.

உன் அன்பு நண்பன்