கேட்டில் முகம் கேட்கும் நிர்வாகக் குழுவுக்கு

தலைவர், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சி பிளாக் மூன்றாவது மாடியிலிருந்து எழுதுகிறேன். பதினோரு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், மெயின்டெனன்ஸ் ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வாட்ஸப் குழுவில் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் "நீங்க மெயின்டெனன்ஸ் கட்டியாச்சா?" என்றுதான் வருகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் மெயின் கேட்டில் முகம் பார்க்கும் இயந்திரம் வைத்தீர்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள், சமையல் செய்பவர்கள், டிரைவர்கள், கார் துடைக்கும் தம்பிகள் எல்லோரும் அதில் முகத்தைப் பதிய வேண்டும், பதியாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்கள். குடியிருப்போருக்கு மட்டும் "விருப்பமிருந்தால்". அந்தக் காகிதத்தைப் பல தடவை கடந்து போயிருக்கிறேன். அந்த ஒரு சொல் அப்போது எனக்கு உறுத்தவில்லை. கூட்டத்தில் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உறுத்தியது போன மாதக் கடைசியில். சங்கத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் ஒரு பிடிஎஃப் வந்தது. "உங்கள் பணியாளர் வருகைப் பதிவு" என்று தலைப்பு. எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவின் பெயருக்கு நேராக, "தாமதம்: 9 நாள்". ஏழு வருடமாக வருகிறார். அவர் காலிங் பெல் அடித்தால் நான் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆள். ஒன்பது நாள் தாமதமா? அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நானே கீழே இறங்கிப் போய் நின்றேன்.

நம் கேட் கிழக்குப் பார்த்தது. இப்போதெல்லாம் ஆறு மணிக்கே வெயில் ஏறிவிடுகிறது. உள்ளே வருபவருடைய முதுகுக்குப் பின்னால் சூரியன், முகம் இருட்டு. இயந்திரத்தைப் பொருத்தியிருக்கும் உயரமோ நல்ல வளர்த்தியான ஆம்பளைக்குச் சரியாக இருக்கும். அக்கா நுனிக்காலில் நின்று மோவாயைத் தூக்கிக் காட்டினார். தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றியிருந்தார். திரையில் சிவப்பு வட்டம். "அக்கா, துண்டு எடு" என்றார் செக்யூரிட்டி தம்பி. எடுத்தார். ஈர முடி நெற்றியில் ஒட்டியது. மறுபடியும் சிவப்பு. பின்னால் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான்காவது தடவை பச்சை வட்டம் வந்தது, ஆனால் ஏ பிளாக்கில் வேலை செய்யும் வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லி "குட் மார்னிங்" என்றது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். கடைசியில் அந்தத் தம்பி மேஜைக்கு அடியிலிருந்து பழைய லாங் சைஸ் நோட்டை எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் பெயரை இயந்திரத்தில் கையால் தட்டி உள்ளே விட்டார். அக்கா கேட்டுக்கு வந்தது 6.13. இயந்திரத்தில் ஏறியது 6.24.

இதற்கு நடுவில் நான் வெளியே போய்ப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தம்பி சல்யூட் வைத்தார்.

அந்த ஒன்பது நாளின் கதை இதுதான். பி பிளாக்கில் இரண்டு வீடுகளில் அந்தப் பிடிஎஃப்பைக் காட்டியே சம்பளத்தில் பிடித்தம் செய்திருக்கிறார்கள். திருடனைப் பிடிக்க வைத்த இயந்திரம் இரண்டே மாதத்தில் சம்பளம் பிடிக்கிற இயந்திரமாகிவிட்டது. வருகைப் பதிவு வேண்டும் என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்? கம்பெனியின் மென்பொருளில் அந்த வசதி இருந்தது, யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உங்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாகச் சொல்லவில்லை.

சைக்கிள் திருட்டில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் மாமி அன்றிலிருந்து பகலிலும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். ஆனால் அன்றைக்கும் நம்மிடம் கேமரா இருந்தது. ஆயுத பூஜைக்குக் கேட்டில் கட்டிய வாழைக்கன்றை யாரும் அவிழ்க்காததால் பதினைந்து நாள் வெறும் வாழை இலையைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தது.

செயலாளர் சார் குழுவில் எழுதியிருந்தார்: "போன்ல தினம் நூறு தடவை முகத்தைக் காட்டறோம், இதுல மட்டும் என்ன?" நியாயமான கேள்விதான். இரண்டும் வேறு வேலை சார். போன் கேட்பது ஒரே கேள்வி: இது என் முதலாளியா, இல்லையா? பதியும் முகத்தைப் பொதுவாக அந்தப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கேட்டில் இருக்கும் இயந்திரம் கேட்பது, பட்டியலில் இருக்கும் இத்தனை பேரில் இது யார் என்று. முகத்தை ஓர் எண் வரிசையாக மாற்றி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிசையோடும் ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறதோ அதைச் சொல்கிறது. எவ்வளவு நெருங்கினால் போதும் என்பதை மனிதர்தான் அமைக்க வேண்டும். இறுக்கினால் அக்கா வெளியே நிற்பார், தளர்த்தினால் தெரியாதவன் உள்ளே வருவான். ஒரு ஒப்பீட்டில் தவறு நேர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் 900 முகம் இருந்தால், பட்டியலில் இல்லாத புது ஆட்கள் 100 பேர் வந்து நிற்கும்போது எட்டு ஒன்பது பேரை நம்முடைய ஆள் என்று அது உள்ளே விட்டுவிடும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2019-இல் 99 நிறுவனங்களின் 189 மென்பொருள்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளும் பிழை ஆண்களைவிடப் பெண்களிடமும், வயதானவர்களிடமும் குழந்தைகளிடமும் பொதுவாகக் கூடுதல் என்று கண்டது. காலையில் நம் கேட்டில் வரிசையில் நிற்பவர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் நடுத்தர வயது தாண்டிய பெண்கள்.

பிழையாவது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். பதிந்த முகம் வெளியே போனால்? பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்கிறோம், முகத்தை எங்கே போய் மாற்றுவது? 2019-இல் பயோஸ்டார் 2 என்ற அமைப்பில் பத்து லட்சம் பேருக்கு மேலானவர்களின் கைரேகைகள் பூட்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் கட்டடங்களுக்குக் கதவு திறக்கும் அமைப்புதான். அவ்வளவு தூரம் எதற்கு, 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளுக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். காவல்துறைக்கே அப்படியென்றால், குப்பைத்தொட்டியை இடம் மாற்ற மூன்று கூட்டம் போடும் நாம் 900 முகங்களைக் காவல் காப்போமா? நம் ஆட்களின் முகங்கள் எந்த ஊர்க் கணினியில் இருக்கின்றன, கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, வேலையை விட்டுப் போனவரின் பதிவை அழிக்கிறார்களா? பொருளாளரிடம் கேட்டேன். "கிளவுட்ல இருக்கு மேடம்" என்றார்.

சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு பேச்சு நம் குழுவில் ஓடியது. இந்த உரிமையைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று நம் ஊர் வழக்கில் வந்தது. 1994, நக்கீரன் வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் சுயசரிதை வெளிவராமல் தடுக்கச் சிறை அதிகாரிகள் பார்த்தார்கள், நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் சொந்த வாழ்க்கை, குடும்பம், திருமணம் போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, தன்னைச் சும்மா விடு என்று சொல்லும் உரிமை அது என்றும் எழுதியது. பிறகு 2017 ஆகஸ்ட் 24-இல், கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்பது உண்மை. அதுவரை இஷ்டத்துக்கு நடக்கலாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அது தனிநபருக்குத் தரும் விலக்கு, பதிவு செய்த சங்கத்துக்கு அல்ல. சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும் என்கிறது சட்டம். நம் நோட்டீஸ் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், தினம் என் வீட்டுப் பேப்பரைப் புரட்டிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது: கட்டாயமில்லாமல், நிபந்தனையில்லாமல், எதற்கென்று தெரிந்து தர வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். "எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சே" என்றீர்கள். அக்காவிடம் கேட்டேன். "போடலேன்னா உள்ள விடமாட்டேன்னாங்க. போட்டுட்டேன்" என்றார். ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரில் ஒரு பள்ளி 22 மாணவர்களுக்கு முகம் பார்த்து வருகைப் பதிவு செய்து பார்த்தது, மூன்று வாரம்தான். பெற்றோரிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். 2019-இல் அந்நாட்டுத் தரவு ஆணையம் இரண்டு லட்சம் குரோனா அபராதம் போட்டது. பள்ளியை அண்டியிருக்கும் மாணவர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத நிலையில் வாங்கிய சம்மதம் செல்லாது என்பது அவர்கள் வாதம். அங்கே மதிப்பெண், இங்கே நான்கு வீட்டுச் சம்பளம்.

இன்னொன்று. பணியாளர் என்றால் முதலாளி சிலவற்றைப் பதிவு செய்யலாம்தானே என்று யாராவது கேட்கலாம். அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பது நான், சங்கம் இல்லை. அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மாதாந்திரப் பிடிஎஃப்பை இன்றோடு நிறுத்துங்கள். பிடித்தம் செய்த இரண்டு வீட்டாரிடமும் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், நான் சொன்னால் சண்டையாகிவிடும். பதிந்த முகங்களை அழித்துவிட்டதாகக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். போட்டோ ஒட்டிய அட்டையும் அந்த லாங் சைஸ் நோட்டும் போதும், எப்படியும் இன்றைக்கு வேலை செய்வது அந்த நோட்டுதான். இல்லை, இயந்திரம் இருந்தே ஆக வேண்டும் என்றால், "விருப்பமிருந்தால்" என்ற சொல்லை எல்லோருக்கும் போடுங்கள், அல்லது என்னையும் உங்களையும் சேர்த்து எல்லோரையும் அந்த வெயிலில் நிற்க வையுங்கள். அப்படி நின்றால் ஒரு வாரத்தில் நீங்களே கழற்றிவிடுவீர்கள் என்பது என் கணிப்பு.

அப்புறம், இதைப் பற்றிப் பேச ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அக்கா டி பிளாக்கில் இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார், மற்றவர்களும் அப்படித்தான். மாலை 4 மணிக்கு வைத்தால் அவர்களால் வர முடியும், விசாரித்துவிட்டேன். பதினைந்து பேராவது வருவார்கள். கிளப் ஹவுஸில் நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாவது மாடி